தேய்ந்த டயருக்கு மறுவாழ்வு! - டி.வி.சுந்தரம் ஐயங்கார்



சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கிருந்து வடக்குப் பக்கமாக நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு முன்னால் ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. மீனவர்கள் வாழும் ஊர். படகுகளும் வலைகளும் நிறைந்த மணல்வெளி.

அந்த மணலில் ஒரு கார் தெரியாமல் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? சக்கரம் சுற்றும்; ஆனால் கார் நகராது! ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் மணலைப் பின்பக்கம் வாரி இறைத்துவிட்டு, இன்னும் ஆழமாகப் புதையும். இன்ஜினுக்கு வலு இருக்கிறது. டாங்கியில் பெட்ரோலும் இருக்கிறது. பிறகு எதுதான் இல்லை?

பிடிப்பு இல்லை. மெக்கானிக் கடையில் இதை 'கிரிப்' என்பார்கள். அறிவியல் புத்தகத்தில் 'உராய்வு' என்று படித்திருப்பீர்கள். சக்கரம் சாலையைப் பின்னால் தள்ளுகிறது. பதிலுக்குச் சாலை சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? அதுதான்! மணல் நழுவிப் போவதால் சக்கரத்துக்குத் தள்ள எதுவும் கிடைப்பதில்லை.

ஆக, ஒரு வண்டி ஓடுவதற்கு இன்ஜின் மட்டும் போதாது. டயர் தரையைப் பற்ற வேண்டும். இந்தச் சின்ன விஷயம்தான் வண்டியில் இருக்கும் எல்லோருடைய உயிரையும் காப்பாற்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே சக்கரங்களை நம்பித் தொழிலில் இறங்கிய ஒரு தமிழரைப் பற்றித்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறோம்.

திருக்குறுங்குடியில் பிறந்தவர்

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் திருக்குறுங்குடி என்ற அழகான ஊர் இருக்கிறது. பழமையான பெருமாள் கோயில் உள்ள ஊர். அங்கே 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி பிறந்தவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 'டி.வி.எஸ்.' என்ற மூன்று எழுத்து எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? அவர் பெயரின் சுருக்கம்தான் அது!

தந்தையின் விருப்பப்படி அவர் முதலில் வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பின் வங்கியில் வேலை. மூன்றுமே அந்தக் காலத்தில் மதிப்பான வேலைகள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கப் பலரும் பயப்படுவார்கள். சுந்தரம் ஐயங்கார் துணிந்தார். 1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனம் பிறந்தது. 1912-இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர் என்று இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

மாட்டு வண்டிச் சாலையில் மோட்டார் பஸ்

குழந்தைகளே, அந்தக் காலத்துச் சாலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இன்றைய நான்கு வழிச் சாலை எதுவும் கிடையாது. பெரும்பாலும் மண் சாலையும் கப்பிக்கல் சாலையும்தான். வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் சேறு. அந்தச் சாலைகளில் நாளெல்லாம் மாட்டு வண்டிகள் போய்வந்தன. மரச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். அது சாலையை அறுத்துப் பள்ளம் ஆக்கிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாட்டின் குளம்பு தேயாமல் இருக்க லாடம் அடிப்பார்கள் அல்லவா? அந்த லாடத்தின் ஆணி கழன்று சாலையில் விழும். மாட்டு வண்டிக்கு அதனால் கவலை இல்லை. ஆனால் காற்று அடைத்த ரப்பர் டயருக்கு அது எமன்! ஒரு சின்ன ஆணி ஏறினால் போதும், காற்று இறங்கிவிடும். பஸ் நடுவழியில் நிற்கும். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர், ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிப் போகிறவர், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் எல்லோரும் மரத்தடியில் இறங்கிக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு என்ன வழி? மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ஒரு செய்தி சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் போகும் பாதையில் காந்தம் பொருத்திய ஒரு வண்டியை ஓட்டி, கீழே கிடக்கும் ஆணிகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார்களாம்! அந்த பஸ் வருவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தில் நேரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்றும் சொல்வார்கள். நேரம் தவறாமை என்பது வேகமாக ஓட்டுவதால் வருவதில்லை. நடுவழியில் நிற்காமல் இருப்பதால் வருவது.

பஞ்சர் ஆனால் என்ன செய்வார்கள்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் டயர் பழுதாகத்தான் செய்யும். அப்போது சக்கரத்தைக் கழற்றி 'ஸ்டெப்னி' மாட்டுவார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. 1904-ஆம் ஆண்டு வாக்கில் மாற்றுச் சக்கரம் அங்கேதான் தயாரானது. தெருவின் பெயரே சக்கரத்துக்கும் நிலைத்துவிட்டது!

அப்பா காரில் சக்கரம் மாற்றும்போது ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். அதிலும் உராய்வுப் பாடம் இருக்கிறது.

முதலில் வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் சாலை ஓரமாக நிறுத்துவார். ஹேண்ட் பிரேக் போடுவார். கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை கொடுப்பார். வண்டி உருண்டுவிடக் கூடாதே!

அடுத்தது முக்கியம். ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன்பே, சக்கரத்தின் நட்டுகளை ஸ்பேனரால் கொஞ்சமாகத் தளர்த்திவிடுவார். ஏன்? சக்கரம் தரையில் இருக்கும்போது, தரையின் உராய்வு அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றக்கூடும். இழுத்த இழுப்பில் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவினால் ஆபத்து!

பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, நட்டுகளை முழுவதும் கழற்றி, பழைய சக்கரத்தை எடுத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டுவார். நட்டுகளை வரிசையாக முடுக்காமல், ஒன்றுக்கு எதிரே இருப்பதை அடுத்ததாக, குறுக்கும் நெடுக்குமாக முடுக்குவார். அப்போதுதான் சக்கரம் ஒரு பக்கம் சாயாமல் சரியாக உட்காரும். வண்டியைக் கீழே இறக்கிய பிறகு இன்னொரு முறை இறுக்கமாக முடுக்குவார். சிறிது தூரம் ஓடிய பின் மறுபடியும் சரிபார்ப்பது நல்லது.

ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையையோ காலையோ தலையையோ நீட்டவே கூடாது. மறந்துவிடாதீர்கள்!

மணலில் வண்டி நின்றுவிட்டால்? ஜாக்கியே மணலில் புதைந்துவிடும். அதன் கீழே ஒரு கெட்டியான பலகை வைக்க வேண்டும். ஒற்றைக் குதிகாலில் நின்றால் கால் மணலில் புதைகிறது. பலகை மேல் நின்றால் புதைவதில்லை. எடை அதிக இடத்தில் பரவுவதுதான் காரணம். மணலில் ஓட்டுகிறவர்கள் டயரின் காற்றைக் கொஞ்சம் குறைப்பதும் இதற்காகத்தான். டயர் சப்பையாகி அதிக மணலின் மேல் படிந்து நிற்கும். தார்ச் சாலைக்கு வந்ததும் உடனே காற்றைச் சரியான அளவுக்கு அடித்துக்கொள்ள வேண்டும். காற்று குறைந்த டயரில் வேகமாக ஓடினால் அது சூடேறிக் கெட்டுப்போகும்.

ஒரு நோட்டுப் புத்தகம் அளவு!

ஒரு கார் டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது தெரியுமா? ஏறக்குறைய ஒரு பெரியவரின் உள்ளங்கை அளவு! பெரிய பஸ்ஸின் டயர் என்றாலும் ஒரு நோட்டுப் புத்தகம் அளவு இடத்தில்தான் தரையைத் தொடுகிறது. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் பஸ் வளைவில் திரும்புவதும், குறுக்கே ஆடு ஓடி வந்தால் நிற்பதும் இந்தச் சின்ன இடத்தை நம்பித்தான்.

டயரின் மேல் மேடும் பள்ளமுமாக இருக்கிறதே, அதை நம் ஊரில் 'பட்டன்' என்பார்கள். அது அழகுக்காக இல்லை. மழையில் சாலை மேல் தண்ணீர் நிற்கும்போது, அந்தப் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் வெளியேறும். ரப்பர் நேராகச் சாலையைத் தொடும். பட்டன் தேய்ந்த மொட்டை டயரில் தண்ணீர் வெளியேற வழி கிடையாது. வேகமாகப் போனால் டயர் சாலையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கும்! அப்போது பிரேக் பிடித்தாலும் நிற்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. அடி தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரத் தரையில் ஓடினால் வழுக்குகிறதே, அதுபோலத்தான்.

காய்ந்த சாலையில் மொட்டை டயர் ஓரளவு பற்றும். அதனால்தான் பலர் இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மழை வரும் நாளில்தான் ஆபத்து தெரியும்.

உலகப் போரும் ரப்பர் பஞ்சமும்

இனி கதைக்கு வருவோம். சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் பெருகின. நிறுவனமும் வளர்ந்தது. மகன்களும் தொழிலில் துணை நின்றார்கள். அப்போதுதான் இரண்டாம் உலகப் போர் வந்தது.

போர் வந்ததும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ராணுவத்துக்குப் போக மிச்சம்தான் மக்களுக்கு. அதற்காக அவர் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியை உருவாக்கினார். அந்தக் காலத்து கேஸ் பிளான்ட்டுகளில் கரியைப் போட்டு, காற்றைக் குறைவாகக் கொடுத்து எரிப்பார்கள். அதிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். பெட்ரோலுக்குப் பதிலாக அந்த வாயுவால் இன்ஜின் ஓடும். கரியில் ஓடிய பஸ்! உங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில் அதில் போனவர்கள் உண்டு.

பெட்ரோலுக்கு ஒரு வழி கிடைத்தது. டயருக்கு?

அந்தக் காலத்தில் உலகத்தின் ரப்பரில் பெரும் பகுதி மலேயாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் இருந்துதான் வந்தது. மலேயாவின் தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். இங்கிருந்து கப்பலேறிப் போன ஏழைத் தொழிலாளர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலேயா முழுவதும் போனது. அடுத்து இந்தோனேசியத் தீவுகளும் போயின. ரப்பர் வரும் வழி அடைபட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில், குண்டு விழும் என்ற பயத்தில் சென்னையிலிருந்தே மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்குப் போனார்கள். எல்லோருக்கும் ஊருக்குப் போக வண்டி வேண்டும்; ஆனால் வண்டிக்கு டயர் இல்லை. இருந்த டயர்களும் தேய்ந்துகொண்டே வந்தன. மொட்டை டயரில் பஸ்ஸை ஓட்டினால் பயணிகளுக்கு ஆபத்து. ஓட்டாமல் நிறுத்தினால் ஊர்களுக்குப் போக்குவரத்து இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேவைப்பட்டது.

டயருக்குப் புது அட்டை

செருப்பின் அடி தேய்ந்தால் என்ன செய்கிறோம்? வார் நன்றாக இருந்தால் தூக்கிப் போடுவதில்லை. அடியில் புது அட்டை வைத்துத் தைத்துக்கொள்கிறோம். டயருக்கும் அதே வைத்தியம் உண்டு. அதற்கு 'ரீட்ரெடிங்' என்று பெயர். லாரிக்காரர்கள் 'ரீபட்டன்' என்பார்கள். சுந்தரம் ஐயங்கார் இதற்காகவே ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார்.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் பழைய டயரைச் சோதிப்பார்கள். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் அறுந்திருக்கக் கூடாது. பக்கவாட்டில் வெடிப்பு இருக்கக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும் டயருக்குத்தான் வைத்தியம். பிறகு தேய்ந்த மேல்பகுதியைச் சொரசொரப்பாக ராவி எடுப்பார்கள். அதன் மேல் பசை தடவிப் புது ரப்பர் பட்டையைச் சுற்றுவார்கள். அச்சுக்குள் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுப்பார்கள். ரப்பரும் அதில் கலந்துள்ள கந்தகமும் சூட்டில் இறுகிப் பழைய டயரோடு ஒட்டிக்கொள்ளும். புது பட்டன் தயார்! கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் உறுதியாகும் என்று 1839-இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர்.

புது டயருக்கு வேண்டிய ரப்பரில் ஒரு பகுதியே இதற்குப் போதும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரீபட்டன் போட்ட டயரைப் பொதுவாகப் பஸ்ஸின் பின்பக்கம்தான் மாட்டுவார்கள். பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். வண்டியைத் திருப்புவதும் அவைதான். அங்கே நல்ல புது டயர் வேண்டும். சிக்கனம் வேண்டும், ஆனால் உயிர் விஷயத்தில் சிக்கனம் கூடாது.

வீட்டிலும் ஒரு வெளிச்சம்

அவருடைய மகள் டாக்டர் சௌந்தரம். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்களை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடுவார்கள். ஆனால் அவர் டில்லிக்குப் போய் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். காந்தியடிகளின் சீடரான ஜி.ராமச்சந்திரனை 1940-இல் மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஏழை எளியவர்களுக்கு மருத்துவமும் கல்வியும் தந்த இடம் அது.

வயதான காலத்தில் சுந்தரம் ஐயங்கார் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்தார். 1955 ஏப்ரல் 28-ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். பின்னாளில் பஸ்கள் அரசுடைமை ஆயின. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது டி.வி.எஸ். பஸ்களும் அதில் சேர்ந்தன. சென்னை அண்ணா சாலையில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கே டி.வி.எஸ். என்று பெயர் வழங்குகிறது.

குழந்தைகளே, பெரிய தொழிலை நடத்தியவர் என்பதற்காக மட்டும் அவரை நாம் நினைக்க வேண்டியதில்லை. சாலையில் கிடக்கும் ஆணியும், தேய்ந்துபோன பட்டனும் மற்றவர்களுக்கு அற்ப விஷயமாகத் தெரிந்திருக்கும். பயணியின் உயிரும் நேரமும் அவற்றில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்பவரே நல்ல தொழில்காரர்.

உங்களுக்கு ஒரு வேலை

இன்று மாலை உங்கள் சைக்கிள் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டன் இருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா? காற்று போதுமா? கல்லோ முள்ளோ குத்தியிருக்கிறதா?

வீட்டில் கார் இருந்தால், அது நிற்கும்போது பெரியவர்களைக் கூட வைத்துக்கொண்டு டயரின் பள்ளங்களுக்குள் பாருங்கள். அங்கங்கே சின்ன மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் வெறும் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். டயரை மாற்றியே ஆக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குவதற்கு முன்பே அப்பாவிடம், அம்மாவிடம், உங்களை ஏற்றிப் போகும் ஆட்டோ மாமாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் நிச்சயம் கேட்பார்கள்!